பூட்டு போர்ட்டுக்கு, பழி ஆளுக்கு

கொஞ்ச நாளா ஆணி அதிகம். எழுத உக்காரவே முடியலை. இன்னிக்கு உக்கார்ந்ததுக்குக் காரணம் கோபம். அதனால வழக்கமான மொக்கையை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிச்சுக்கோங்க, இது கொஞ்சம் டெக்னிக்கல் புலம்பல். ஆனா நெட்வொர்க் தெரியாதவங்களும் படிக்கணும். ஏன்னா நாளைக்கு உங்க பேர்லயும் ஒரு லாக் வரி வரலாம்.

எங்க ஆபீஸ்ல ஒரு தம்பி இருந்தான். கான்ட்ராக்ட்ல வந்த டெஸ்க்டாப் சப்போர்ட் பையன், விழுப்புரம் பக்கம். பேர் வேண்டாம், தம்பின்னே வெச்சுக்குவோம். மானிட்டர் எரியலைன்னாலும் அவன்தான், பிரிண்டர்ல பேப்பர் சிக்கினாலும் அவன்தான். "சார் ரெண்டே நிமிஷம்"னு சொல்லுவான், நெசமாவே ரெண்டு நிமிஷத்துல முடிச்சுடுவான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க பில்டு சர்வர்லேர்ந்து ஒரு பெரிய ஃபோல்டர் மொத்தமா காப்பி ஆயிருக்கு. திங்கக்கிழமை காலைல செக்யூரிட்டி டீம் துருவ ஆரம்பிச்சாங்க. சர்வர் லாக்ல ஒரு ஐபி அட்ரஸ். அந்த ஐபி மூணாவது மாடி மீட்டிங் ரூம் போர்ட்டுல இருந்திருக்கு. அந்த போர்ட்டுல அந்த நேரத்துல லாகின் ஆகி இருந்தது யாருன்னு ரேடியஸ் சர்வரைக் கேட்டாங்க. தம்பி பேர் வந்துச்சு. முடிஞ்சது கதை. மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி ஐடி கார்டை வாங்கிட்டாங்க.

அவன் சொன்னது இதுதான்: "சார், ஒரு லேப்டாப்புக்கு அப்டேட் போட்டு அங்க சொருகி வெச்சுட்டு, நாலாவது மாடிக்கு டோனர் மாத்தப் போனேன்." செக்யூரிட்டி மேனேஜர் சொன்ன பதில் எனக்கு இன்னும் காதுல இருக்கு: "நம்மகிட்ட 802.1எக்ஸ் இருக்குப்பா. அந்த போர்ட்டுல உன்னைத் தவிர வேற யாரும் வரவே முடியாது."

இந்த ஒரு வாக்கியம் தப்பு. சின்னத் தப்பு இல்லை, அடிப்படையிலயே தப்பு. அதை விளக்கத்தான் இவ்வளவு பெரிய பதிவு.

அது என்ன 802.1எக்ஸ்?

சுவத்துல இருக்குற நெட்வொர்க் சாக்கெட்டுல யார் வேணா வயரைச் சொருகி உள்ள வந்துடக் கூடாது. அதுக்காக ஐஈஈஈ 2001-ல கொண்டு வந்த தரம் இது. 2004, 2010, 2020-ன்னு திருத்தங்களும் வந்தாச்சு. மூணு பேர் இதுல நடிக்கிறாங்க. உங்க பொட்டியில இருக்குற ஒரு மென்பொருள், "நான் இன்னார்"னு சொல்லும். நடுவுல ஸ்விட்ச் உக்கார்ந்திருக்கும், அதுக்குச் சொந்த அறிவு கிடையாது, தபால்காரர் வேலைதான். பின்னாடி ரேடியஸ் சர்வர் பாஸ்வேர்டையோ சர்டிஃபிகேட்டையோ சரிபார்த்து "விடு" இல்லைன்னா "விடாதே"ன்னு சொல்லும். "விடு"ன்னு வந்தா ஸ்விட்ச் அந்த போர்ட்டைத் திறக்கும்.

இங்கதான் கவனிக்கணும். திறக்கப்படுறது போர்ட். பேரிலேயே சொல்லிட்டாங்க, போர்ட் அடிப்படையிலான அனுமதின்னு.

தியேட்டர்ல டிக்கெட் கிழிக்கிறவரை நினைச்சுக்கோங்க. உங்க டிக்கெட்டை பூதக்கண்ணாடி வெச்சு சோதிக்கிறார், ஆதார் கார்டு கேக்கறார், போட்டோவை முகத்தோட ஒப்பிடறார். எல்லாம் சரின்னதும் கதவைத் திறந்து கல்லு ஒண்ணை அண்டக் கொடுத்துட்டு டீ குடிக்கப் போயிடறார். நீங்க உள்ள போனீங்க சரி. உங்க பின்னாடி யார் போனா? அவருக்குத் தெரியாது. ஆனா அவரோட நோட்டுல அந்தக் கதவுக்கு நேரா உங்க பேர் மட்டும் எழுதியிருக்கும்.

வயர்ல ஓடுற 802.1எக்ஸ் இதுதான். ஆரம்பத்துல நடக்குற அந்த விசாரணை எவ்வளவு கறாரா இருந்தாலும், அதுக்கப்புறம் போற பாக்கெட் எதுலயும் "இது அவரு அனுப்பினதுதான்"ங்கறதுக்கு முத்திரை கிடையாது.

"ஏம்ப்பா, வைஃபைலயும் இதே 802.1எக்ஸ்தானே, அங்க மட்டும் எப்படி?"ன்னு கேப்பீங்க. நல்ல கேள்வி. வைஃபைல அந்த விசாரணை முடிஞ்சதும் ஒரு ரகசியச் சாவி பிறக்கும். அப்புறம் போற ஒவ்வொரு ஃப்ரேமும் அந்தச் சாவியால பூட்டப்பட்டு போகும். சாவி இல்லாதவன் நடுவுல பூந்தா அவனோட ஃப்ரேம் குப்பைக்குத்தான். 2004-ல வந்த 802.11ஐ அதை ஒழுங்கா செஞ்சு வெச்சிருக்கு. வயர்ல அந்த ரெண்டாவது பாதி இல்லை. ஆனா நம்மாளுங்க ரெண்டுக்கும் ஒரே பேர் இருக்குறதால ஒரே பலம்னு நினைச்சுக்கறாங்க.

ஓட்டை ஒண்ணு: நடுவுல ஒரு ஹப்

இது புதுசா கண்டுபிடிச்ச விஷயம் இல்லை மக்களே. மைக்ரோசாஃப்ட்டுல இருந்த ஸ்டீவ் ரைலி 2005-லயே எழுதிட்டார். லாகின் ஆன பொட்டிக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு ஹப்பை வை. திருட்டுப் பொட்டிக்கு அதே மேக் அட்ரஸ், அதே ஐபி அட்ரஸைக் கொடு. ஸ்விட்சுக்கு வித்தியாசமே தெரியாது.

இதுல ஒரு சின்ன சிக்கல் திருடனுக்கு உண்டு. திருட்டுப் பொட்டி டிசிபி கனெக்‌ஷன் கேட்டா, பதில் ரெண்டு பொட்டிக்கும் போகும். நல்ல பொட்டி "நான் கேக்கவே இல்லையே"ன்னு அந்தக் கனெக்‌ஷனை அறுத்து விட்டுடும். ஆனா நல்ல பொட்டியில ஃபயர்வால் ஓடுதுன்னு வைங்க, சம்பந்தமில்லாம வர்ற பாக்கெட்டை அது சத்தம் போடாம கீழ போட்டுடும். அறுக்காது. திருடனுக்குக் கொண்டாட்டம். அதாவது பாதுகாப்புக்காகப் போட்ட ஃபயர்வாலே இங்க திருடனுக்கு பாய் விரிக்குது. சிரிக்கிறதா அழறதா தெரியலை.

2011-ல டெஃப்கான் மாநாட்டுல ஆல்வா டக்வால்ங்கறவர் இன்னும் ஒரு படி மேல போனார். ஹப் கூட வேண்டாம், ஒரு குட்டி லினக்ஸ் பொட்டியை கண்ணுக்குத் தெரியாத பாலம் மாதிரி நடுவுல வெச்சுட்டா போதும்னு செஞ்சு காட்டினார். வயரைப் பிடுங்கினா போர்ட் மூடிக்கும், சரி. திரும்பச் சொருகினதும் நல்ல பொட்டியே பாலத்து வழியா லாகின் ஆகி போர்ட்டைத் திறந்து கொடுத்துடும். அந்தக் குட்டிப் பொட்டி இன்னிக்கு ஒரு தீப்பெட்டி சைஸ்ல கிடைக்குது.

ஓட்டை ரெண்டு: பிரிண்டர்னு சொன்னா போதும்

பிரிண்டர், சிசிடிவி கேமரா, வாசல்ல கார்டு தேய்க்கிற மிஷின்... இதுல பலதுக்கு 802.1எக்ஸ் பேசவே தெரியாது. அதுக்காக ஒரு கொல்லை வாசல் இருக்கு. மேக் அட்ரஸ் லிஸ்ட்டுல இருந்தா சோதனை இல்லாம உள்ள விடு. அந்த மேக் அட்ரஸ் எங்க இருக்கு? பிரிண்டர் முதுகுல ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டியிருக்கு! பாஸ்வேர்டை போஸ்ட்-இட்ல எழுதி மானிட்டர்ல ஒட்டினா நமக்கு வார்னிங் மெயில் வரும். இதை கம்பெனியே ஒட்டி அனுப்புது, யாரும் கேக்கறதில்லை. மேக் அட்ரஸை மாத்தறது லினக்ஸ்ல ஒரு வரி கமாண்ட்.

ஓட்டை மூணு: வசதிக்காகத் திறந்து வைக்கிறது

இதுதான் எல்லா ஆபீஸ்லயும் நடக்கிறது. முதல் நாள் கறாரா ஆரம்பிப்பாங்க. மறுநாள் வைஸ் பிரசிடென்ட் லேப்டாப் கனெக்ட் ஆகாது. அடுத்த வாரம் மீட்டிங் ரூம்ல கிளையண்ட் முன்னாடி புரொஜெக்டர் பொட்டி வேலை செய்யாது. டேமேஜர் கத்துவார். உடனே நெட்வொர்க் டீம் அந்த போர்ட்டை 'மல்டி ஹோஸ்ட்' மோடுக்கு மாத்துவாங்க. அப்படின்னா, அந்த போர்ட்டுல ஒருத்தர் லாகின் ஆனா போதும், அதே போர்ட்டுல தொங்குற மத்த எல்லாரும் இலவசம்.

ரேடியஸ் சர்வர் படுத்துட்டா என்ன ஆகும்னும் உங்க ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க. பல இடத்துல "வேலை நிக்கக் கூடாது, அதனால அப்போ எல்லாரையும் உள்ள விட்டுடு"ன்னு எழுதி வெச்சிருப்பாங்க. ஐபி போன் பின்னாடி கம்ப்யூட்டர் சொருகுற வழக்கமும் உண்டு. கம்ப்யூட்டரைப் பிடுங்கினா ஸ்விட்சுக்குத் தெரியாது, ஏன்னா போனோட வயர் சொருகினபடியேதான் இருக்கு. கம்ப்யூட்டர் போயிடுச்சுன்னு போன் சொன்னாத்தான் உண்டு. சொல்லாத போனும் இருக்கு, சொன்னாலும் கேக்காத மாதிரி கான்ஃபிகர் பண்ணின ஸ்விட்சும் இருக்கு.

"இதெல்லாம் சினிமாவுலதான் நடக்கும்"

இப்படிச் சொல்றவங்களுக்கு ரெண்டு நிஜக் கதை.

2018 டிசம்பர்ல காஸ்பர்ஸ்கி ஒரு விஷயத்தை வெளியிட்டாங்க, டார்க்விஷ்னியான்னு பேர் வெச்சு. கிழக்கு ஐரோப்பாவுல குறைஞ்சது 8 வங்கிகள். திருடங்க கூரியர், வேலை தேடி வந்தவர்னு ஏதோ ஒரு வேஷத்துல நேரா ஆபீஸ் உள்ள வந்து, மீட்டிங் ரூம் மாதிரி இடத்துல மலிவு லேப்டாப், ராஸ்பெர்ரி பை, யூஎஸ்பி குச்சி சைஸ் கருவின்னு எதையாவது சொருகிட்டுப் போயிருக்காங்க. அப்புறம் வெளிய உக்கார்ந்து ரிமோட்ல வேலை. நஷ்டம் கோடிக்கணக்கான டாலர்.

இன்னொண்ணு நாசா. அவங்க ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரில அனுமதி இல்லாம ஒரு ராஸ்பெர்ரி பை நெட்வொர்க்ல தொங்கிட்டு இருந்திருக்கு. 2018 ஏப்ரல்ல அது வழியா ஊடுருவல் நடந்தது தெரிய வந்துச்சு. சுமார் 500 எம்பி தகவல் போச்சு. 2019 ஜூன்ல அவங்க இன்ஸ்பெக்டர் ஜெனரலே அறிக்கை வெளியிட்டார். அதுல முக்கியமான குறை எது தெரியுமா? எந்தப் பொட்டியெல்லாம் நெட்வொர்க்ல இருக்குங்கற கணக்கு சரியா இல்லை, உள்ள வந்தவன் ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குப் போகத் தடையும் போதுமானதா இல்லை. ராக்கெட் விடறவங்க கதையே இது.

2017-ல நாட்பெட்யா வந்து உலகத்தையே படுக்க வெச்சதே, அதுல பரவின பொட்டி எல்லாம் யாருது? கம்பெனியோட சொந்தப் பொட்டிதான். ஒழுங்கா லாகின் ஆகி உக்கார்ந்திருந்த நல்ல பிள்ளைங்க. வாசல்ல எத்தனை பூட்டு போட்டாலும், உள்ள இருக்கிறவனுக்கே காய்ச்சல் வந்தா பூட்டு என்ன செய்யும்?

அப்போ தூக்கிப் போட்டுடலாமா?

அப்படிச் சொல்லலை. பூட்டை உடைக்க முடியும்ங்கறதுக்காக வீட்டுக்குப் பூட்டே வேண்டாம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. வழிதவறி வந்து வயரைச் சொருகுறவனை 802.1எக்ஸ் தடுக்கும். எந்தப் பொட்டி எந்த விலான்ல போகணும்னு பிரிக்க உதவும். அதுக்கு மேல அதுமேல பாரம் ஏத்தாதீங்கன்னுதான் சொல்றேன்.

2014-ல கூகிள்காரங்க பியாண்ட்கார்ப்னு ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. ஆபீஸ் உள்ள இருக்கேங்கறது மட்டும் எந்தத் தகுதியும் ஆகாது, ஒவ்வொரு அப்ளிகேஷனும் ஆளையும் பொட்டியையும் தனித்தனியா சோதிக்கணும்ங்கறது சாரம். வேடிக்கை என்னன்னா, அதுலயும் 802.1எக்ஸ் இருக்கு. பொட்டியை சரியான நெட்வொர்க்குல தள்ளி விடறதுக்கு மட்டும். சாவிக்கொத்தை அதுகிட்ட கொடுக்கலை. 2020-ல அமெரிக்காவோட நிஸ்ட்டும் இதே திசையில ஜீரோ டிரஸ்ட் ஆவணம் போட்டுட்டாங்க.

வயர்லயே ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பூட்டு போடற வழியும் இருக்கு, பேரு மேக்செக். 2006-ல தரமாச்சு, 2010 திருத்தத்துல 802.1எக்ஸோட கைகோத்துது. ஹப் வைக்கிறவன், பாலம் கட்டறவன் எல்லாருக்கும் இதுதான் நிஜமான பதில். ஆனா ஸ்விட்ச், பொட்டி ரெண்டுக்கும் அது தெரிஞ்சிருக்கணும். பழைய பிரிண்டர்கிட்ட போய் மேக்செக் பேசுன்னா அது முழிக்கும். அதுவுமில்லாம 2018 டெஃப்கான்ல கேப்ரியல் ரயன், உள்ள நுழையற லாகின் முறை பலவீனமா இருந்தா மேக்செக் இருந்தும் பிரயோஜனம் இல்லைன்னு காட்டிட்டார்.

சரி, நம்ம ஊர் ஆபீஸ்ல நாளைக்கே செய்யக் கூடியது என்ன?

1. பாஸ்வேர்டை விட்டுட்டு சர்டிஃபிகேட்டுக்கு மாறுங்க. பாஸ்வேர்டு முறையில இன்னும் புழங்குற எம்எஸ்-சாப் ரெண்டாவது பதிப்பை உடைக்கிற பாடு, ஒரே ஒரு டெஸ் சாவியைத் தேடற பாடுதான்னு 2012-லயே காட்டியாச்சு.
2. பிரிண்டர், கேமரா எல்லாத்தையும் தனி விலான்ல போடுங்க. பிரிண்டருக்கு பில்டு சர்வர்கிட்ட என்ன பேச்சு?
3. மீட்டிங் ரூம் போர்ட்டுக்கு இன்டர்நெட் மட்டும் கொடுங்க. மல்டி ஹோஸ்ட் மோடை எடுங்க.
4. உள்ள இருக்குற ஒவ்வொரு சர்வரும் தானே ஆளைக் கேக்கணும். "வாசல்ல பார்த்துட்டாங்க"ங்கறது பதில் இல்லை.
5. போர்ட் லாகை வெச்சு ஒரு மனுஷன் பேரைச் சொல்லாதீங்க.

அஞ்சாவதுக்காகத்தான் இவ்வளவும்.

தம்பி என்ன ஆனான்?

பில்டு சர்வர் என் டீமோடது. அதனால எனக்கு ஒரு குற்ற உணர்ச்சி. அந்த ஃபோல்டர் பாஸ்வேர்டே இல்லாம திறந்து கிடந்துச்சு, யாரு வேணா எடுக்கலாம். ஏன்? "நெட்வொர்க்தான் லாக் பண்ணியிருக்கே"ன்னு நாங்க நினைச்சோம். நான்தான் நினைச்சேன். அந்த ஷேரைத் திறந்து வெச்சது நான். சர்வர்ல ஆள் பேர் பதிவாகாம ஐபி மட்டும் இருந்ததுக்கும் அதுதான் காரணம். தம்பி தலையில விழுந்த கல்லுல பாதி நான் வெச்சது.

டிஹெச்சிபி லாக் வேற டீம்கிட்ட இருந்துச்சு. கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். அந்த ஐபி அந்த நேரத்துல எந்த மேக் அட்ரஸுக்குக் கொடுக்கப்பட்டிருந்ததுன்னு பார்த்தேன். தம்பி சொருகி வெச்ச லேப்டாப்போட மேக் அட்ரஸ் இல்லை அது. வேற ஏதோ ஒரு பொட்டி. மீட்டிங் ரூம் மேஜைக்கு அடியில குனிஞ்சு பார்த்தா, டபுள் டேப் போட்டு ஒட்டின அஞ்சு போர்ட் குட்டி ஸ்விட்ச் ஒண்ணு. எந்தக் காலத்துல யார் வெச்சதோ. சுவத்து போர்ட் மல்டி ஹோஸ்ட் மோடு. தம்பி லேப்டாப் கதவைத் திறந்துச்சு, வேற யாரோ உள்ள போனாங்க.

செக்யூரிட்டி டீம் எக்ஸெல்ல போர்ட் நம்பரை மட்டும் வெச்சு ஒப்பிட்டிருக்காங்க. பன்னெண்டு எழுத்து மேக் அட்ரஸை யாரும் ஒப்பிடலை.

"அந்த வேற பொட்டியையும் அவனே சொருகியிருக்கலாமே?"ன்னு மேனேஜர் கேட்டார். கேக்க வேண்டிய கேள்விதான். சொருகியிருக்கலாம், நானும் சொருகியிருக்கலாம், நீங்களும் சொருகியிருக்கலாம் சார்னேன். கடைசில அவனைக் காப்பாத்தினது நாலாவது மாடிக் கதவுல அவன் தேய்ச்ச கார்டும், அங்க இருந்த கேமராவும்தான். காப்பி நடந்த நேரம் முழுக்க அவன் டோனர் கறையோட பிரிண்டர் முன்னாடி உக்கார்ந்திருந்தான்.

"சந்தர்ப்பம் தெளிவாக இல்லை"ன்னு ஒரு மெயில் போட்டு ஃபைலை மூடிட்டாங்க. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை அதுல இல்லை. அவனோட ஏஜென்சி அவனை வேற கம்பெனிக்கு அனுப்பிடுச்சு. அந்தப் பொட்டி யாருதுன்னு இன்னிவரைக்கும் தெரியாது. அதைத் தேடறதுக்கு யாருக்கும் ஆர்வமும் இல்லை. பழி போட ஒரு ஆள் கிடைச்சப்போ இருந்த வேகம், ஆள் இல்லைன்னதும் காணாம போயிடுச்சு.

போன வாரம் போன் பண்ணினான். "அண்ணே, இங்கயும் 802.1எக்ஸ் போடறாங்க. இப்பல்லாம் லேப்டாப்பைச் சொருகி வெச்சுட்டு எங்கயும் போறதில்லைண்ணே. கூடவே உக்கார்ந்துடறேன்." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரலை.

ஸ்விட்ச் பார்த்தது ஒரு போர்ட்டை. சர்வர் பார்த்தது ஒரு நம்பரை. ஆளைப் பார்த்ததா ரெண்டுமே சொல்லலை. சொன்னது நாமதான்.

டிஸ்கி: என் பில்டு சர்வர்ல இப்போ ஒவ்வொருத்தருக்கும் தனி லாகின். "ஏன்யா இவ்வளவு தொல்லை?"ன்னு டீம்ல திட்டறாங்க. திட்டட்டும்.